பெலே காயத்தில் இருந்தும் 1962 உலகக் கோப்பையைப் பிரேசில் வென்றது எப்படி?

ஒரே வரியில் சொன்னால், பிரேசில் கால்பந்து வீரர் கரிஞ்சா.

ரியோவுக்கு அருகே பாவ் கிராண்டே என்ற ஆலை ஊரில் 1933-இல் பிறந்தவர். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன, ஒன்று குட்டை வேறு. ஆனாலும் பொட்டாஃபோகோ என்ற கிளப் அணியின் வலது ஓரத்தில் அவரைத் தடுக்க ஆளில்லை. இடப்பக்கம் சாய்வது போல் உடம்பைக் காட்டிவிட்டு வலப்பக்கம் பாய்வார். அதைத்தான் செய்யப்போகிறார் என்று எதிராளிக்குத் தெரியும், இருந்தும் ஏமாறுவார்.

சிலியில் நடந்த அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குக் காயம். அப்புறம் சுமை முழுக்க இவர் மேல்தான். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல்கள்: கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி ஒன்று, தொலைவிலிருந்து வளைத்து அடித்தது மற்றொன்று. அரையிறுதியில் சிலிக்கு எதிராகவும் 2. அதே ஆட்டத்தில் சிவப்பு அட்டைக்குச் சமமான வெளியேற்றம், ஆனால் இறுதியாட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வீழ்த்தினார்கள்.

பெலேவும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்தப் போட்டியிலும் பிரேசில் தோற்றதில்லை. என்னைக் கேட்டால், பெலேவுக்கு இணையாகவே இவரையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் முழங்கால் வலியும் குடியும் அவரை உருக்குலைத்தன. 1983-இல், 49 வயதில் இறந்தார்.