சுங்கை சிப்புட்டில் முதியோர் இல்ல வேலை: தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, கல்யாணமாகி மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கிறாய். முதியோர் இல்லத்தில் நர்ஸ் உதவியாளராகச் சேர என்ன படிப்பு வேண்டும், தினமும் என்ன வேலை, சம்பளம், வாடகை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறாய். நானும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள்தான். அன்றைக்கு எனக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீ இங்கே தங்கக் கொடுத்திருக்கும் பாஸில் (விசாவில்) வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று இமிகிரேஷனில் கேட்டுவிடு. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற முதலாளியை நம்பாதே. பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதே. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது இங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நான் முதலில் சேர்ந்த இல்லத்தில் என்னுடையதை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

படிப்பு விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு பி.பி.கே. (மலாயில் 'சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர்' என்பதன் சுருக்கம்) என்று பெயர். குடியுரிமையும் எஸ்.பி.எம். (இங்கே பள்ளி இறுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும், ஆகவே அந்த வழி இப்போது உனக்கு இல்லை. தனியார் இல்லங்களில் பெரும்பாலும் கைப்பழக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் நர்சிங் ஹோம் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்று 1987லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே பல இடங்களில் மூத்த ஆளோடு சில நாள் சுற்றவிட்டு, பிறகு தனியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது தீராத மனக்குறை.

ஊரிலிருந்து வந்த சிலர் இதைக் "கழுவுற வேலை" என்பார்கள். செய்துகொண்டே சொந்தக்காரர்களிடம் மறைப்பவர்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் கோபம்தான் வரும். குளிப்பாட்டுவது, பெம்பர்ஸ் மாற்றுவது, பல் துலக்கிவிடுவது எல்லாம் உண்டு; ஆனால் அந்த நேரத்தில்தான் உடம்பு முழுவதையும் பார்க்கிறோம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பெலும்பிலோ குதிகாலிலோ தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. உடனே நர்ஸிடம் சொல். அந்த இடத்தைத் தேய்க்காதே. இரவு ஷிப்டில் புரட்டாமலே "புரட்டியாச்சு" என்று எழுதிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ அப்படிச் செய்யாதே.

சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வை, முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாதே. சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். இனிப்பு நீர்க்காரர்களுடைய (சர்க்கரை நோயாளிகளுடைய) கால் நகத்தை நீ வெட்டாதே. ஊசி போடச் சொன்னால், மருந்து கொடுக்கச் சொன்னால், அது என் வேலை இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடு. பிரஷர், காய்ச்சல் பார்த்து எழுதுவதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும்.

சம்பளம் என்றால், சட்டப்படி குறைந்தது மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வாடகையை உன் மாமியாரிடம் கேட்டுக்கொள்.

மலாய் கற்றுக்கொள். சீனப் பாட்டிகளிடம் வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு அவர்கள் பேச்சையும் பழகிக்கொள். நான் பழகினேன், வேலையிலேயே நின்று. நம்மவர்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள், அவர்களுக்கு வேறு பக்குவம் வேண்டும். பால்மரம் வெட்டியே (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தே) காலம் கழித்த ஒரு பாட்டி இருந்தார். ஞாபகம் குழம்பிய பிறகு விடியுமுன்னே எழுந்து, பெரட்டுக்கு (காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) நேரமாச்சு, கங்காணி (மேற்பார்வையாளர்) ஏசுவான் என்று கட்டிலை விட்டு இறங்குவார். மற்றவர்கள் அதட்டிப் படுக்க வைப்பார்கள், அவர் இன்னும் மிரள்வார். நான் "மழை பெய்யுது பாட்டி, இன்னைக்கு வெட்டு இல்லை" என்பேன். உடனே படுத்துவிடுவார். தோட்டத்தில் மழை நாளில் மரம் வெட்ட மாட்டார்கள் என்பதை எனக்குச் சொன்னதே அவர்தான், நினைவு நன்றாக இருந்த காலத்தில். லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), ஆயாக் கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), சம்பள நாள் சந்தை என்று அவர் பேசியதைக் கேட்டுத்தான் இந்த ஊர் எனக்குப் புரிந்தது. உன் மாமியார் வீட்டிலும் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருப்பார்கள். வேலைக்குப் போகுமுன் அவர்களிடம் உட்கார்ந்து பேசு.