காரைக்குடிப் பக்கத்து வித்வான்களை மறைவுக்குப் பின் எப்படி நினைவுகூரலாம்?

சிலை வைப்பதா, விழா எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அவர்கள் வாசித்ததை யாராவது தொடர்ந்து வாசிக்க வேண்டும். நம் பக்கம் முன்னோருக்குப் படைப்பு என்றால் பங்காளிகள் எல்லோரும் கூடி, சமைத்துப் படைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இசைக்கும் அப்படிக் கூடுதல் வேண்டும்.

திருவையாற்றைப் பாருங்கள். தியாகராஜர் மறைந்தது 1847இல். சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆனாலும் ஆண்டுதோறும் பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவதால்தான் தியாகராஜர் இன்னும் நம்மோடு இருக்கிறார். அந்த ஆராதனையைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவர் நம் வயலின் வித்வான் குன்றக்குடி வைத்தியநாதன் (இதைச் சொல்லும்போதே மனம் நிறைகிறது).

வீணை வித்வான்களான காரைக்குடி சகோதரர்களில் இளையவர் சாம்பசிவ ஐயர், சென்னையின் கலாக்ஷேத்திரா கலைப்பள்ளியில் வீணை சொல்லிக்கொடுத்தார். காரைக்குடி பாணி நிலைத்ததற்கு அது பெரிய காரணம். 2023இல் மறைந்த மிருதங்க வித்வான் காரைக்குடி மணிக்கும் சீடர்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 8 வைத்தியநாதனின் நினைவு நாள். அன்று குன்றக்குடி மலையடிவாரத்தில், வயலின் கற்கும் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். மாலையும் மேடையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.