ஹோம்பில்ட் (நாமே கட்டிய) விமானத்தில் ரோட்டரி எஞ்சின்: ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டலாமா? விளக்கெண்ணெய் ஆகுமா?

ஆயில் கலந்து ஓட்டலாமுங்க. நானாக இருந்தால் அப்படித்தான் ஓட்டுவேன். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். ஆனால் எந்தப் பம்பைக் கழற்றுகிறோம் என்பது முக்கியம், உள்ளே இரண்டு இருக்கின்றன.

கோவை கணபதியில் டூ-ஸ்ட்ரோக் வண்டி வேலை பார்க்கிறவன் நான். அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் நண்பர் ஒருவர் மாஸ்டா 13பி எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார். மாஸ்டா கார்களில் வந்த ரோட்டரி எஞ்சின் அது, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் உள்ளே சுழலும். கூடமாட நிற்பதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மெயின் ஆயில் பம்ப், சம்ப் ஆயிலை (எஞ்சினின் அடித்தொட்டியில் இருக்கிற ஆயிலை) பிரஷரோடு பேரிங்குகளுக்கும் ரோட்டருக்கு உள்ளேயும் அனுப்புகிறது. ரோட்டரின் சூட்டை இழுப்பதே இந்த ஆயில்தான். கூலிங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயில் வழியாகப் போகும் என்பது கணக்கு. அதனால் இதில் கையே வைக்காதீர்கள், ஆயில் கூலரையும் தாராளமாகப் போடுங்கள்.

கழற்றலாம் என்பது மீட்டரிங் பம்பை. ரோட்டரின் மூன்று முனையிலும் இருக்கிற ஏபெக்ஸ் சீல், ஹவுசிங் சுவரை உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலுக்கு இந்தப் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் விடுகிறது. விடுவது அதே சம்ப் ஆயிலை. அது எரிவதற்காகச் செய்த ஆயில் அல்ல, எரிந்தால் சாம்பல் தங்கும். பிந்தைய மாடல்களில் பம்பை ஓட்டுவது காரின் கம்ப்யூட்டர். விமானத்துக்கென்று வேறு கம்ப்யூட்டர் மாட்டினால் பெரும்பாலும் அதை இயக்க வழியிருக்காது. மேலே பறக்கும்போது பம்ப் நின்றால் எந்த கேஜும் காட்டிக்கொடுக்காது. ஆர்எக்ஸ் 100 வண்டியில் ஆயிலைத் தானாக விடுகிற ஆட்டோலூப் பம்பை நம்பாமல் டேங்கிலேயே ஆயில் ஊற்றுகிறவர்கள் சொல்லும் காரணமும் இதுதான். பெட்ரோல் போகிற வரை ஆயிலும் போகும்.

அளவில்தான் நம் ஊர்க் கை தப்பு செய்யும். டிவிஎஸ் 50-க்கு லிட்டருக்கு 20 மில்லி ஊற்றிய பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அதில் கிராங்க் பேரிங், பிஸ்டன் எல்லாமே அந்தக் கலவையை நம்பித்தான் ஓடும். ரோட்டரியில் சீலுக்கு மட்டும் போதும். லிட்டருக்கு சுமார் 8 மில்லி, 40 லிட்டருக்கு 320 மில்லி என்பது பலரும் ஓட்டுகிற அளவு. கூடினால் பிளக் கறுத்துப் பிசுக்கேறும். சாம்பல் தங்காத டிசி-டபிள்யூ3 வகை (படகு எஞ்சினுக்கான) டூ-ஸ்ட்ரோக் ஆயிலே நல்லது.

விளக்கெண்ணெய் யோசனை முதல் உலகப் போர்க்கால நோம், லெ ரோன் விமான எஞ்சின்களைப் பற்றிப் படித்ததால் வந்திருக்கும். அவற்றுக்கும் ரோட்டரி என்றுதான் பெயர். ஆனால் சிலிண்டர்களே சேர்ந்து சுழலும் வேறு ஜாதி அது. பெட்ரோல் ஆவி கிராங்க்கேஸ் வழியாகப் போனதால், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் அங்கே தேவைப்பட்டது. நமக்கு வேண்டியது கரைகிற எண்ணெய். மேலும் விளக்கெண்ணெய் எரிந்தால் பிசின் போலப் படியும். ஏபெக்ஸ் சீல் அதன் பள்ளத்துக்குள் தாராளமாக அசைய வேண்டும், ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் போச்சு.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது வாரக்கணக்கில் நிற்கிற விமானத்தை நினைத்துப் பாருங்கள். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். எஞ்சினுக்கு முதலில் போவது ஆயிலே இல்லாத அந்த அடிநீர். பறக்கும் முன் ஒவ்வொரு டேங்கிலிருந்தும் அடி டிரெய்னில் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். சாயம் போட்ட டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்திருந்தால் லேசான நிறம் ஒரே சீராகத் தெரியும். நடுவில் கோடு விழுந்தாலோ, நிறமே இல்லாவிட்டாலோ அன்று கிளம்பாதீர்கள்.

டேங்கில் நேராக ஆயிலை ஊற்றாமல், கேனில் முதலில் ஆயில், பிறகு பாதி பெட்ரோல், குலுக்கி, மீதியை ஊற்றிக் கலந்து பிறகு ஏற்றுங்கள். எவ்வளவு, எந்த ஆயில் என்பதை டேங்க் மூடி பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் வேறொருவர் பெட்ரோல் நிரப்ப நேரலாம்.