படி லிஃப்டில் பந்து ஏறவில்லையா? ஓட்டத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: லெகோவில் பந்து தூக்கும் படி லிஃப்ட் கட்டியிருக்கிறேன். ஒரு வரிசைப் படிகள் அசையாமல் நிற்கும். இடையிலுள்ள வரிசை ஏறி இறங்கும். படிக்குப் படி உயரம் ஒரு கட்டையும் ஒரு பிளேட்டும் (மெல்லிய தட்டுக் கட்டை). படிகளை ஏற்றி இறக்கும் சுழல்கையின் (கிராங்க்) பின்னை மையத்திலிருந்து ஒரு துளை தள்ளி மாட்டினால் பந்து ஏறவே இல்லை. இரண்டு துளை தள்ளினால் ஏறுகிறது. ஆனால் மோட்டார் திணறுகிறது, பந்துகள் படிக்கு அடியில் சிக்குகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: மோட்டாரை மாற்ற வேண்டாம். இரண்டு வரிசைகளையும் அசைய விடுங்கள்.

கட்டை 9.6 மி.மீ., பிளேட் 3.2 மி.மீ.; ஆக உங்கள் படி 12.8 மி.மீ. ஒரு வரிசை மட்டும் அசைந்தால், அது ஒரு படியிலிருந்து பந்தை வாங்கி இரண்டு படி மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு 25.6 மி.மீ. ஓட்டம், அதாவது அடியிலிருந்து உச்சிவரை அசையும் தூரம், தேவை. துளைகளின் இடைவெளி 8 மி.மீ. என்பதால், ஒரு துளை தள்ளிய கிராங்க் தருவது 16 மி.மீ. மட்டுமே. இரண்டு துளை தள்ளினால் 32 மி.மீ. கிடைக்கும், ஆனால் அசையும் படிவரிசையைத் தாங்கும் சட்டத்தின் முழு எடையையும் இருமடங்கு ஆரத்தில் தூக்க வேண்டியிருக்கும்.

ஒரே அச்சில் இரண்டு கிராங்குகளை 180 டிகிரி எதிரெதிராக மாட்டுங்கள். ஒரு சட்டம் உச்சியில் இருக்கும்போது மற்றது அடியில் இருக்கும். 16 மி.மீ. ஓட்டத்திலேயே வேலை முடியும், 3.2 மி.மீ. மிச்சமும் இருக்கும். இரு சட்டங்களும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் மோட்டாருக்குப் பந்தின் எடையும் உராய்வும்தான் சுமை. படி லிஃப்டுக்கு இந்த அமைப்பையே எப்போதும் பரிந்துரைப்பேன்.

பந்து சிக்குவதற்குக் காரணம் படியின் முகப்புச் சுவர் குட்டையாக இருப்பது. புதிய அமைப்பில் அடுத்தடுத்த படிகளுக்கிடையே அதிகபட்ச வித்தியாசம் 12.8 + 16 = 28.8 மி.மீ., சரியாக மூன்று கட்டை. சுவரும் அவ்வளவு இருக்கட்டும்.

படியின் ஆழம் இரண்டு குமிழ் (கட்டையின் மேலுள்ள புடைப்பு), அதாவது 16 மி.மீ.; 14 மி.மீ. பந்து ஒன்று மட்டும் நிற்கும். மேலே டைல் (குமிழில்லாத வழவழப்பான தட்டு) போட்டு மூடுங்கள், குமிழ்மேல் பந்து உருளாது. பந்து தானாக முன்னே நகர, நுழைவுப் பக்கத்தை 16 குமிழ் நீளத்துக்கு இரண்டு பிளேட் வீதம் உயர்த்துங்கள். ஏறத்தாழ 3 டிகிரி சாய்வு வரும்.

பலர் கட்டிய லெகோ பந்து இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டும் கிரேட் பால் கான்ட்ராப்ஷன் வழக்கப்படி சராசரியாக நொடிக்கு ஒரு பந்து போக வேண்டும். படியின் அகலம் ஆறு குமிழ் என்றால் மூன்று பந்து நிற்கும், எனவே நிமிடத்துக்கு 20 சுற்றே போதும். லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் எம் மோட்டாருக்கு முதலில் 8 பல் கியர் 40 பல் கியரையும், அடுத்து 8 பல் கியர் 24 பல் கியரையும் சுற்றும்படி கொடுத்தால் வேகம் பதினைந்தில் ஒரு பங்காகும். அந்த 24 பல் கியர் வழுக்கும் கிளட்ச் வகையாக இருக்கட்டும். பந்து சிக்கினாலும் பல் உடையாது.

சட்டத்தை ஒரு பக்கத்தில் மட்டும் தள்ளினால் அது கோணி இறுகும். இரு பக்கமும் கிராங்க் வையுங்கள். கியர் அச்சின் நடுவில் வரட்டும். ஓரத்தில் இருந்தால் நீண்ட அச்சு முறுக்கிக்கொண்டு இரு பக்கமும் முன்பின்னாகும்.

லிஃப்டின் அடியில் பந்துகள் வந்து சேரும் தொட்டியின் வாயில் அவை ஒன்றையொன்று முட்டி வளைவாக நின்றுவிடுவதும் உண்டு. கீழ்ப்படி தொட்டியின் தரை வழியாகவே எழும்பினால் அந்த வளைவு கலையும். மோட்டாரைப் பூட்டுமுன் 30 பந்துகளைக் கொட்டி, அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றில் எங்காவது விரலுக்கு இறுக்கம் தெரிந்தால் அந்த இடத்தைச் சரிசெய்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.