நாக்கறுந்த குருவி கதையை ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: ஜப்பானின் நாக்கறுந்த குருவி கதையை ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாக்கை வெட்டும் இடத்தை எடுத்துவிடலாமா? பேராசை என்பது அவர்களுக்குப் புரிய என்ன செய்யலாம்?

வெட்டும் இடத்தை எடுக்க வேண்டாம், ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள். பேராசைக்குத் தனி விளக்கமும் தேவையில்லை. தாத்தா எதற்காகக் காட்டுக்குள் போனார், பாட்டி எதற்காகப் போனாள் என்ற இரண்டும் பிள்ளைகள் மனதில் தெளிவாக நின்றுவிட்டால் மீதியைக் கதையே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலானோர் சின்னப் பெட்டி, பெரிய பெட்டி என்ற இடத்தில்தான் முழு அழுத்தத்தையும் வைக்கிறார்கள். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது "சின்னதை எடுத்தா தங்கம் கிடைக்கும்" என்ற கணக்கை மட்டுமே. அதுவும் பேராசைதான், கொஞ்சம் விவரமான பேராசை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு தாத்தா ஒரு குருவியைப் பிள்ளைபோல வளர்க்கிறார். அவர் விறகுக்குப் போன நேரத்தில், துணிக்குப் போடப் பாட்டி காய்ச்சி வைத்த கஞ்சியைக் குருவி தின்றுவிடுகிறது. பாட்டி கோபத்தில் அதன் நாக்கைக் கத்தரித்து விரட்டுகிறாள். தாத்தா தேடிப் போகிறார். மூங்கில் காட்டுக்குள் குருவிகளின் வீட்டில் அவருக்கு விருந்தும் ஆட்டமும் நடக்கின்றன. கிளம்பும்போது இரண்டு பின்னல் பெட்டிகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சின்னதை எடுத்துவந்து திறந்தால் பொன்னும் பட்டும். பாட்டி ஓடிப்போய்ப் பெரியதை வாங்கி, பாரம் தாங்காமல் வழியிலேயே திறக்கிறாள். பாம்பும் பூரானும் பேய்களும் வெளியே வருகின்றன. மொமொதாரோ கதையோடு சேர்த்து ஜப்பானின் ஐந்து பெரிய சிறுவர் கதைகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

முதலில் கஞ்சியைச் சரியாகச் சொல்லுங்கள். "பாட்டி வைத்த சோற்றைத் தின்றது" என்று மாற்றினால் கதை பலவீனமாகிவிடும், பாட்டி வெறும் கஞ்சத்தனக்காரியாகத் தெரிவாள். பழைய ஜப்பானிய வீடுகளில் கிமோனோவைத் துவைப்பது பெரிய வேலை. தையலைப் பிரித்து, துண்டு துண்டாக அலசி, அரிசிக் கஞ்சி போட்டு, பலகையில் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காயவைத்து, திரும்பத் தைப்பார்கள். கஞ்சி போய்விட்டால் அன்றைய வேலையே நின்றுபோகும். ஆகவே பாட்டிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. பருத்திப் புடவைக்கும் வேட்டிக்கும் கஞ்சி போடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். பார்க்காதவர்களுக்கு ஒரு கைக்குட்டையைச் சோறு வடித்த கஞ்சியில் முக்கி முந்தின நாளே காயவைத்து எடுத்துப் போனால் போதும். விறைப்பாக நிற்கும் துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் வேறு விளக்கம் வேண்டாம்.

இங்கேதான் வகுப்பில் முதல் சிக்கல் வரும். "குருவி திருடிச்சுல்ல, அப்ப அது தப்புதானே?" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். குருவியை நல்ல பிள்ளையாக்க வேண்டாம். நெல் விளையும் நாட்டில் குருவி எப்போதுமே விவசாயிக்குத் தொல்லைதான். ஜப்பானிய வயல்களிலும் சோளக்கொல்லை பொம்மை நிற்கும். தப்பு சின்னது, தண்டனை பெரிது என்பதுதான் கதையின் முதல் முடிச்சு. குருவியைக் குற்றமற்றதாக ஆக்கினால் அந்த முடிச்சு அவிழ்ந்துபோய், கெட்ட பாட்டி, நல்ல குருவி என்று தட்டையாகிவிடும்.

வெட்டும் இடத்தில், "பாட்டி கத்தரியை எடுத்து அதன் நாக்கு நுனியை வெட்டி, போ என்று விரட்டினாள்" என்றால் போதும். ரத்தம், அலறல், கத்தரியின் சத்தம், நாக்கைக் காட்டும் நடிப்பு எதுவும் வேண்டாம். குரலைத் தாழ்த்தி நிறுத்தவும் கூடாது. பயம் சொல்லில் இருந்து வருவதில்லை, நாம் கொடுக்கும் மௌனத்தில் இருந்துதான் வருகிறது. அடுத்த வாக்கியம் உடனே தாத்தா வீடு திரும்புவதாக இருக்கட்டும். வெட்டுக்குப் பதிலாக "திட்டி விரட்டினாள்" என்று மென்மையாக்கியும் சொல்கிறார்கள். அதில் வரும் சங்கடம் இது: திட்டு வாங்கிய குருவியைத் தேடி ஒரு கிழவர் மலையும் காடும் அலைவதற்குக் காரணம் போதாது. தன் வீட்டில் நடந்த கொடுமைக்காக மன்னிப்புக் கேட்கத்தான் தாத்தா போகிறார். அந்தக் காரணம் போனால் கடைசியில் கிடைக்கும் பெட்டி லாட்டரிச் சீட்டு மாதிரி ஆகிவிடும்.

"நாக்கு இல்லாம குருவி எப்படிப் பேசிச்சு?" என்றும் கேட்பார்கள். கதை அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. நுனி மட்டும் போனது, ஆறிவிட்டது என்று சொல்லி நகருங்கள்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் தேடல். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் சொல்கிறீர்கள் என்றால் நான்கு நிமிடத்தை இதற்குக் கொடுக்கலாம். தாத்தா நடந்துகொண்டே "நாக்கறுந்த குருவியே, உன் வீடு எங்கே?" என்று கூப்பிடுவது இந்தக் கதையின் பல்லவி. ஜப்பானியில் "ஷிதாகிரி சுஸுமே, ஒயாதோ வா தோகோ தா" என்பார்கள். மூன்று முறை வரட்டும், மூன்றையும் பிள்ளைகளே கூவட்டும். மூன்றாவது முறைக்கு மட்டும் தூரத்தில் இருந்து "ச்சுன் ச்சுன்" என்று பதில் வர வேண்டும். ஜப்பானியக் குருவி அப்படித்தான் கத்தும், நம் ஊர்க் குருவியின் "கீச் கீச்" அல்ல. கடைசி வரிசைப் பிள்ளை ஒன்றிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

பழைய நாட்டார் வடிவங்களில் வழியில் மாடு கழுவுகிறவரும் குதிரை கழுவுகிறவரும் வருகிறார்கள். வழி சொல்ல வேண்டுமானால் கழுவிய தண்ணீரைக் குடி என்கிறார்கள், சிலவற்றில் மூத்திரத்தையே குடிக்கச் சொல்கிறார்கள். தாத்தா முகம் சுளிக்காமல் குடிக்கிறார்! சிறுவர் பதிப்புகள் இதை அநேகமாகத் தூக்கிவிட்டன. வகுப்பில் மூத்திரம் என்று சொன்னால் பத்து நிமிடம் சிரிப்பு அடங்காது, கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த ஆட்களை முழுக்க விட்டுவிடாமல், "இந்த மாட்டைக் கழுவிக் கொடுத்தால் வழி சொல்கிறேன்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் பாட்டி அதே வழியில் வரும்போது, வாளியைத் தட்டிவிட்டு "வழியை மட்டும் சொல்லு" என்று அதட்டட்டும். பிள்ளைகள் இரண்டு பேரையும் தாங்களாகவே ஒப்பிட்டுக்கொள்வார்கள். பெட்டி கண்ணில் படுவதற்கு முன்பே பாட்டி யார் என்பது தெரிந்துவிடும்.

பெட்டி விஷயத்தில் ஒரு நுணுக்கம் பல மறுகூறல்களில் தொலைந்துபோகிறது. தாத்தா சின்னதை எடுத்தது தியாகத்துக்காக அல்ல. "எனக்கு வயதாகிவிட்டது, தூரம் நடக்க வேண்டும், லேசானது போதும்" என்கிறார். தன் தேவை எவ்வளவு, தன் பலம் எவ்வளவு என்று தெரிந்தவர், அவ்வளவுதான். "நல்லவர் என்பதால் சின்னதை எடுத்தார்" என்று நீங்கள் சேர்த்துவிடாதீர்கள். பாட்டியும் கிழவிதான், அவளுக்கும் அதே தூரம்தான், ஆனால் பாரத்தை யோசிக்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை திறக்காதே என்று குருவிகள் சொல்லும் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் வழியில் திறப்பதற்கு ஆசையோடு பாரமும் ஒரு காரணமாகிவிடும்.

இதைக் கையால் உணரவைக்கலாம். ஒரு செருப்புப் பெட்டியில் அரை கிலோ அளவுக்கு ஏதாவது, ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் மூன்று கிலோ அளவுக்குப் பழைய புத்தகங்கள். அதற்கு மேல் போக வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளை தூக்கிக் காலில் போட்டுக்கொள்ளும். கதை தொடங்கும் முன் பெட்டிகளை மேசைமேல் வைத்துவிடாதீர்கள், கண் முழுக்க அங்கேயே இருக்கும். விருந்து முடிந்த பிறகு வெளியே எடுங்கள். பெரியதைத் தூக்கிக்கொண்டு வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னால் பாதியில் கீழே வைத்துவிடுவார்கள், பாட்டியைப் போலவே. அசல் பெட்டி கொடியாலோ மூங்கில் பட்டையாலோ பின்னி மூடி போட்டது, துணிமணி வைப்பது. பிரம்புக் கூடைப் பெட்டி ஒன்று கிடைத்தால் நல்லது.

பாட்டியின் பயணத்தை வேகமாகச் சொல்லுங்கள். அவள் குருவியின் நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விருந்து வேண்டாம், ஆட்டம் வேண்டாம், பெட்டியை எடு என்கிறாள். அப்படியும் குருவிகள் அவளுக்கும் அதே இரண்டு பெட்டிகளைத்தான் காட்டுகின்றன. பழிவாங்க நினைத்திருந்தால் பெரியதை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இந்த இடத்தில் ஒரு விநாடி நின்று, "இப்ப பாட்டி எதை எடுத்திருக்கலாம்?" என்று கேட்பது பலன் தரும்.

பெட்டியில் இருந்து வருபவை மூன்று போதும்: பாம்பு, பூரான், ஒற்றைக்கண் பேய். பட்டியலை நீட்டினால் பயம் குறைந்து வேடிக்கையாகிவிடும். ஓவியர் யோஷிதோஷி 1889 முதல் 1892 வரை வெளியிட்ட 36 பேய்ப் படங்களில் இந்தக் காட்சியும் உண்டு. பாட்டி பின்பக்கமாக விழ, பெட்டிக்குள் இருந்து விகார உருவங்கள் எழுகின்றன. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டலாம், சின்னவர்களுக்கு வேண்டாம்.

பாட்டியின் முடிவு வடிவத்துக்கு வடிவம் மாறும். சிலவற்றில் வீட்டுக்கு ஓடிவந்து திருந்துகிறாள். 1871இல் ஆங்கிலத்தில் அச்சான வடிவத்தில் பேய்கள் அவளை வதைக்கின்றன, தாத்தா ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துச் செழிப்பாக வாழ்கிறார். இந்த வயதுக்குத் திருந்தும் முடிவே சரி, ஆனால் அழுது புலம்பி உபதேசம் செய்ய வேண்டாம். அடுத்த நாள் அவள் கஞ்சி காய்ச்சும்போது ஒரு பிடியைத் திண்ணையில் குருவிகளுக்கு வைத்தாள் என்று நீங்களாக ஒரு வரி சேர்த்தால் கதைக்குப் பொருந்தும்.

"பொல்லாதது எப்பவும் பாட்டிதானா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால் தடுமாற வேண்டாம், கேள்வி நியாயமானது. 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான உஜி ஷூய் மொனொகதாரியில் இதற்கு மூத்த உறவாக ஒரு கதை இருக்கிறது, அதில் நல்லவளும் ஒரு கிழவிதான். கல்லடி பட்டு இடுப்பு ஒடிந்த குருவியை அவள் எடுத்து வளர்க்கிறாள், வீட்டில் உள்ளவர்கள் சிரிக்கிறார்கள். குணமாகிப் பறந்துபோன குருவி ஒரு சுரைவிதையைக் கொண்டுவந்து போடுகிறது. அதில் காய்த்த சுரைக்காய்களை அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து, மீதியைக் குடுவைக்காகக் காயவைத்தால் உள்ளே அள்ள அள்ளக் குறையாத வெள்ளை அரிசி. பக்கத்து வீட்டுக் கிழவி இதைப் பார்த்துத் தானே கல்லெறிந்து மூன்று குருவிகளின் இடுப்பை ஒடித்து, வளர்த்து, விதை வாங்கி நடுகிறாள். காய் கசக்கிறது, தின்றவர்களுக்கு வயிற்றைப் புரட்டுகிறது, காய்ந்த குடுவைகளில் இருந்து குளவியும் பூரானும் பாம்பும் வருகின்றன. கருணையைப் போலியாகச் செய்வது என்ன என்பதை நாக்கறுந்த குருவியைவிட இது நன்றாகக் காட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் சொல்லலாம். முடிவில் கிழவி சாவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

படம் காட்டிச் சொல்வதானால் ஜப்பானியரின் காகித நாடகமான கமிஷிபாய் முறை பொருத்தம். பன்னிரண்டு அட்டைகள், ஏ3 அளவு இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். எல்லோரும் தவறவிடுவது பின்பக்க எழுத்து. முதல் காட்சியின் வசனம் கடைசி அட்டையின் பின்னால் இருக்க வேண்டும், இரண்டாம் காட்சியின் வசனம் முதல் அட்டையின் பின்னால், இப்படியே. முன் அட்டையை உருவிக் கடைசியில் சேர்க்கும்போது உங்கள் கண்ணுக்கு எதிரே சரியான வசனம் வரும். இன்னொன்று, பாட்டி மூடியைத் திறக்கும் அட்டையைச் சட்டென்று உருவாமல் பாதி வரை மெல்ல இழுத்து நிறுத்துங்கள். அட்டை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் முதலில் வெளிப்படும் என்பதால், அடுத்த அட்டையில் பேய்களை அந்தப் பக்கத்தில் வரைந்திருக்க வேண்டும். மாற்றி வரைந்தால் முதலில் வெறும் மூங்கில்தான் தெரியும்.

சொல்லி முடித்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்காதீர்கள், ஒரே குரலில் "பேராசைப்படக் கூடாது" என்று வரும், அதோடு சரி. "தாத்தா பெரிய பெட்டியை எடுத்திருந்தால் உள்ளே என்ன இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். கதையில் இதற்குப் பதில் இல்லை. அப்பவும் பேய்தான் என்று ஒரு பாதியும், அவருக்குத் தங்கம்தான் வந்திருக்கும் என்று மறுபாதியும் நிற்பார்கள். யார் பக்கமும் சாயாமல் காரணம் மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வகுப்பில் இருந்தால் இந்தக் கதையை ஒத்திப்போட்டு உருண்டோடும் சோற்றுருண்டைக் கதையை எடுங்கள். தாத்தாவின் சோற்றுருண்டை எலிப் பொந்துக்குள் உருண்டுவிடுகிறது, எலிகள் பாடி ஆடிப் பரிசு கொடுக்கின்றன. பக்கத்து வீட்டுப் பேராசைக்காரர் எல்லாவற்றையும் ஒரேயடியாக அள்ளப் பூனை மாதிரிக் கத்துகிறார், எலிகள் ஓடிவிட இருட்டில் மாட்டிக்கொள்கிறார். வெட்டு குத்து எதுவும் கிடையாது, பூனைக் குரல் யார் கொடுப்பது என்பதில்தான் சண்டை வரும்.