‘வாங்குவேன்’ என்ற 171 பேரை நம்பிக் கடை திறக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாக வீட்டிலேயே மசாலாத்தூளும் ஊறுகாயும் செய்து சந்தையில் விற்று வருகிறேன். டர்பனின் இன்னொரு பகுதியான பீனிக்ஸில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்க எண்ணி, மகள் தயாரித்த கேள்வித்தாளைக் கோயில் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினோம். பதில் எழுதிய 214 பேரில் 171 பேர், ‘தரமும் விலையும் சரியாக இருந்தால் வாங்குவேன்’ என்கிறார்கள். கடன் வாங்க இது போதும் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தப் பதில்களை வைத்து என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. தரமும் விலையும் சரியாக இருந்தால் வாங்குவீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதிலும் கோயிலில் வாராவாரம் முகம் பார்க்கிற ஒருவர் கேட்கும்போது வரவே வராது. அந்த 171 என்ற எண் உங்கள் மீதுள்ள நல்லெண்ணத்தைக் காட்டுகிறதே தவிர, மாதம் எத்தனை பாக்கெட் விற்கும் என்பதைக் காட்டவில்லை.

ஆய்வைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கேள்வித்தாளிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு. உதாரணத்திற்கு, வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம், கடன் தவணை எல்லாம் சேர்ந்து மாதம் 18,000 ராண்ட் ஆகிறது என்றும், ஒரு பாக்கெட்டில் உங்களுக்கு 15 ராண்ட் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கை நஷ்டப்படாமல் இருக்க மாதம் 1,200 பாக்கெட் விற்றாக வேண்டும். ஒரு குடும்பம் மாதம் இரண்டு பாக்கெட் வாங்கினால், 600 குடும்பங்கள் தவறாமல் வர வேண்டும். இப்போது உங்கள் கேள்வி தெளிவாகிவிடுகிறது: இப்போது வாங்குகிற கடையை விட்டுவிட்டு உங்களிடம் மாதந்தோறும் வரக்கூடிய 600 குடும்பங்கள் அந்தக் கடையைச் சுற்றி இருக்கின்றனவா? இதற்கு விடை தர உதவாத எதையும் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கையில் உள்ள 214 பதில்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முதலில் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள். கணவன், மனைவி, மகள் மூவரும் தனித்தனியே பதில் அனுப்பியிருந்தால் அது ஒரே சமையலறைதான், ஒன்றாகவே எண்ணுங்கள். ஊரின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவராவிட்டால் கணினி அவற்றை வெவ்வேறு ஊர்களாகக் கணக்கிட்டுவிடும். ஒருவர் ‘இரண்டு பாக்கெட்’ என்றும் இன்னொருவர் ‘அரைக் கிலோ’ என்றும் எழுதியிருந்தால் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றுங்கள். பதில் எழுதாமல் விட்ட இடத்தை ‘இல்லை’ என்று நிரப்பாதீர்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, பீனிக்ஸில் வசிப்பவர்களை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். உங்கள் கோயில் குழுக்கள் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்தவை என்பதால், அந்த எண்ணிக்கை முப்பது நாற்பதைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். கடன் வாங்கும் முடிவை அந்தச் சிலரின் மேல் ஏற்ற முடியாது.

சராசரியிலும் கவனம் தேவை. கல்யாணச் சமையல் செய்பவர் ஒருவர் மாதம் 20 கிலோ என்று எழுதியிருந்தால், அந்த ஒருவரே மொத்தச் சராசரியையும் உயர்த்திவிடுவார். அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள். சாதாரணக் குடும்பத்தின் வழக்கம் அதில்தான் தெரியும்.

எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பதைப் போலவே யார் விடுபட்டார்கள் என்பதும் முக்கியம். நம் நாட்டின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் விடுபட்டிருந்தனர். புள்ளிவிவரத் துறை பிறகு தனியாக ஒரு சரிபார்ப்பு ஆய்வு நடத்தி, அந்தக் குறையை ஈடுசெய்துதான் 6.2 கோடி என்ற எண்ணை வெளியிட்டது. உங்கள் ஆய்வில் விடுபட்டவர்கள் கோயில் குழுவில் இல்லாதவர்களும், நம் சமூகத்தைச் சேராத வாடிக்கையாளர்களும் ஆவர். கடை திறந்தால் அவர்களும் வாசலைக் கடந்து போவார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ளதாகத் தோன்றுவது உங்கள் சந்தைக் கணக்கு நோட்டு. அதில் மனிதர்கள் காசு கொடுத்து வாங்கியது பதிவாகியிருக்கிறது. கடந்த ஓராண்டு விற்பனையை வாரவாரியாக, பொருள்வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். சம்பளம் வந்த வாரத்துக்கும் மாத நடுவுக்கும் எவ்வளவு வேறுபாடு, புரட்டாசியில் வீடுகள் சைவத்துக்கு மாறும்போது இறைச்சி மசாலா எவ்வளவு இறங்குகிறது, தீபாவளிக்கு முன் எவ்வளவு ஏறுகிறது என்பன கண்ணுக்குத் தெரியும். தீபாவளி மாத விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று வங்கியிடம் காட்டுவது உங்களுக்கே ஆபத்து.

பிறகு பீனிக்ஸுக்குச் செல்லுங்கள். பார்த்து வைத்த கடை முன்னால் மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒன்றிலும், மாத நடுச் செவ்வாய்க்கிழமை ஒன்றிலும் நின்று, அரை மணிக்கு ஒரு முறை கடந்து போகிறவர்களை எண்ணுங்கள். மளிகைப் பையோடு போகிறவர்களைத் தனியாகக் குறியுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில், பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசை தவறாமல் கேளுங்கள். ‘வாங்குவீர்களா’ என்று கேட்காமல், ‘கடைசியாக மசாலா எப்போது, எங்கே, எவ்வளவு, என்ன விலைக்கு வாங்கினீர்கள்’ என்று கேளுங்கள். முறையாகத் தேர்ந்த 100 வீடுகளில் கிடைக்கும் விழுக்காடு, உண்மையான விழுக்காட்டிலிருந்து மேலும் கீழும் சுமார் 10 புள்ளிகள் மாறக்கூடும். 400 வீடுகளானால் அது 5 புள்ளிகளாகக் குறையும். உங்கள் தேவைக்கு முதலாவதே போதும்.

முடிந்தால், கடன் வாங்குவதற்கு முன் அதே தெருப் பக்கம் சில சனிக்கிழமைகள் மேசை போட்டு விற்றுப் பாருங்கள். எத்தனை பேர் இரண்டாம் முறையும் வந்தால் கடையை எடுப்பது, எத்தனைக்குக் கீழே போனால் விட்டுவிடுவது என்ற இரண்டு எண்களையும் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதி வையுங்கள். விற்பனையைப் பார்த்த பிறகு எழுதினால் ஆசைதான் எழுதும்.

மகள் சேகரித்த தொலைபேசி எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டியதாக உள்ளது. ஆய்வுக்காக என்று வாங்கிய எண்களுக்கு, அவர்கள் சம்மதம் பெறாமல் கடைத் திறப்பு விளம்பரம் அனுப்பாதீர்கள்; பெயரையும் எண்ணையும் பதில்களிலிருந்து பிரித்துத் தனியே பூட்டி வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.