பீருக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் இல்லையா?

கேள்வி: பெங்களூர்ல ஐடி வேலை பாக்குறேன். அடுத்த வாரம் எங்க டீம் ஒரு பப் குவிஸ்ல கலந்துக்குது, பீர் பத்தியே ஒரு முழு ரவுண்டு இருக்காம், அத என் தலையில கட்டிட்டாங்க. நான் குடிக்கிற ஆள் இல்ல, பனங்காட்டுல வளர்ந்தவன், பீருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மனப்பாடம் பண்ணிட்டுப் போற மாதிரி சுவாரஸ்யமா நாலு தகவல் குடுங்க சார்.
– பெயர் வேண்டாம், சாயல்குடி

பதில்: தம்பி, தகவல் தரேன், ஆனா அந்த "ஒரு சம்பந்தமும் இல்ல"ங்கறத மொதல்ல வாபஸ் வாங்குங்க. சாயல்குடியில பனைக்கு நடுவுல வளர்ந்தவருக்கு இந்த ரவுண்டுல பாதி விஷயம் ஏற்கனவே தெரியும், யாரும் எடுத்துச் சொல்லல, அவ்ளோதான். அப்புறம் மனப்பாடம் வேண்டாம், மேடையில பதட்டத்துல அது மறந்து போயிரும், காரணம் தெரிஞ்சா மறக்காது.

நிச்சயமா வர்ற கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். 1516 ஏப்ரல் 23, ஜெர்மனியில பவேரியா பகுதியில இங்கோல்ஸ்டாட்ங்கற ஊர்ல ஒரு சட்டம் போட்டாங்க, பீர்ல தண்ணி, பார்லி, ஹாப்ஸ்ங்கற கசப்புப் பூ இந்த மூணத் தவிர வேற எதுவும் சேக்கக்கூடாதுன்னு. கொஞ்சம் விவரமான குவிஸ் மாஸ்டரா இருந்தா அந்த லிஸ்ட்ல விட்டுப்போனது எதுன்னு கேப்பாரு. ஈஸ்ட். நொதிக்க வைக்கிறது ஒரு உயிர்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது, பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் பீரைப் பத்தி தனியா ஒரு ஆய்வு நூலே எழுதுறது 1876லதான். இப்ப உங்க ஊர் பனையேறிய நெனச்சுப் பாருங்க, பாளையச் சீவி கலயத்தக் கட்டுறாரு, உள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா காலைல இறங்குறது பதநீர், தடவாம விட்டா அதே சாறு கள்ளு. அதுல யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடல, பாளையிலயும் கலயத்துலயும் காத்துலயும் இருக்குறது தானா வந்து வேலையப் பாத்துக்குது. பவேரியாக்காரன் எழுதாம விட்ட நாலாவது பொருளை அடக்கவும் அவுத்துவிடவும் தெரிஞ்ச ஆள் உங்க தெருவுலயே இருந்திருக்காரு.

சரி, சுண்ணாம்பு எப்படித் தடுக்குது? சாறோட காரத்தன்மை ஏறிருது, அதாவது பிஎச் ஏறிருது, அதுல ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சரியா வளர முடியாது. இந்த பிஎச்ங்கற அளவு எங்க பொறந்துச்சுன்னு கேட்டா அதுவும் ஒரு பீர் கேள்விதான்! 1909ல கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல சோரன்சன்னு ஒரு வேதியியலாளர் கொண்டு வந்தது. தொண்டிப் பக்கம் இறால் பண்ணையில குளத்துத் தண்ணிய டெஸ்ட் பண்றாங்களே, அந்த மீட்டர்ல தெரியிற நம்பர் பீர் கம்பெனியில இருந்து வந்தது. அதே ஆய்வுக்கூடத்துலதான் 1883ல ஹான்சன்னு ஒருத்தர் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லுல இருந்து சுத்தமான வளர்ப்பு எடுத்துக் காட்டினாரு, அந்த ஈஸ்ட்ட கம்பெனி பூட்டி வைக்காம மத்த பீர் கம்பெனிகளுக்கும் குடுத்துச்சு, எனக்கு அதுல ரொம்ப மரியாதை உண்டு. லாகர்னு குளிர்ல நொதிக்க வைக்கிற பீரோட ஈஸ்ட் ஒரு கலப்பு இனம், அதோட குளிர் தாங்குற பெற்றோர் எதுன்னு ரொம்ப நாள் தெரியாம இருந்து 2011லதான் தென் அமெரிக்காவுல படகோனியா காட்டு மரத்துல கண்டுபுடிச்சதா அறிவிச்சாங்க.

அயர்லாந்து பீர் கம்பெனி கின்னஸ் பத்திக் கேள்வி வராம இருக்காது, சட்டுனு சொல்லிடறேன். 1759ல ஆர்தர் கின்னஸ் டப்ளின்ல பீர் ஆலை இடத்த வருஷம் 45 பவுண்டுக்கு 9000 வருஷக் குத்தகைக்கு எடுத்தாரு. உலக சாதனை புத்தகம் அந்தக் கம்பெனி நிர்வாகி ஒருத்தர் 1951ல வேட்டைக்குப் போன இடத்துல எந்தப் பறவை வேகமாப் பறக்கும்னு வந்த வாக்குவாதத்துல பொறந்தது, வெளிவந்தது 1955. இதெல்லாம் எல்லா டீமுக்கும் தெரியும். கொஞ்சம் பேருக்கு மட்டும் தெரிஞ்சது கோசெட் கதை. வில்லியம் கோசெட் கின்னஸ்ல வேலை பாத்தவர், பார்லி சோதனையில கைக்குக் கிடைக்கிற சாம்பிள் ரொம்பக் கம்மி, அத வச்சு நம்பகமா முடிவு சொல்லணும், அதுக்கு ஒரு கணக்கு கண்டுபுடிச்சாரு. ஊழியர்கள் சொந்தப் பேர்ல எழுத கம்பெனி விடல, அதனால 1908ல "ஸ்டூடண்ட்"ங்கற புனைபேர்ல வெளியிட்டாரு. காலேஜ்ல புள்ளியியல் படிச்சீங்கன்னா டி-டெஸ்ட் போட்டிருப்பீங்க, அது இதுதான்.

லண்டன் பீர் வெள்ளம்னு ஒரு கேள்வி வரும், அத சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க, நீங்க சிரிக்காதீங்க. 1814 அக்டோபர் 17, டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கத்துல ஒரு பீர் ஆலையில 22 அடி உயர மரத்தொட்டி வெடிச்சு லட்சக்கணக்கான லிட்டர் போர்ட்டர்ங்கற கருப்பு பீர் சுவத்த ஒடச்சுக்கிட்டு பின்னாடி இருந்த ஏழைங்க குடியிருப்புக்குள்ள பாஞ்சிருச்சு. எட்டுப் பேர் செத்தாங்க, எல்லாரும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். அதுல ஒரு அடித்தள வீட்டுல ஐரிஷ்காரங்க இறந்துபோன ரெண்டு வயசுப் பையனுக்காகக் கூடி இருந்தாங்க, அங்க இருந்தவங்களையும் அது கொண்டு போயிருச்சு. ஜனங்க ஓடி வந்து தெருவுல அள்ளிக் குடிச்சாங்க, போதையில செத்தாங்கன்னு சொல்றது பின்னாடி கட்டினது, அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தியில அப்படி இல்ல. ஆலை மேல குத்தம் இல்லன்னு விசாரணையில முடிவாச்சு, பாழாப்போன பீருக்குக் கட்டின வரிய பாராளுமன்றம் ஆலைக்காரங்களுக்குத் திருப்பிக் குடுத்துச்சு. கடல் உள்ள வந்து தனுஷ்கோடிய அடிச்சுட்டுப் போனதக் கேட்டு வளர்ந்தவங்க நாம, இத வேடிக்கைக் கேள்வியா எடுத்துக்க எனக்கு மனசு வரல.

இந்தியா பேல் ஏல்ங்கற வெளிர் பீர் பத்தி சுத்துற கதையும் பாதிதான் உண்மை. இந்தியாவுக்கு வர்ற பீர் கப்பல்ல கெட்டுப்போச்சு, அதனால புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சாங்கன்னு எழுதுவாங்க, அப்படி இல்ல, போர்ட்டர் பீரும் கப்பல்ல நல்லாவே வந்து சேர்ந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஹாப்ஸ் தூக்கலா போட்ட வெளிர் பீர் இங்கிலாந்துல முன்னாடியே உண்டு, அத ஹாட்ஜ்சன்ங்கற ஆலைக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல அனுப்பினாரு, நல்லா வித்துச்சு. அந்தப் பெரிய கப்பலுங்க மெட்ராஸ் வர இலங்கையச் சுத்தித்தான் வரணும், நம்ம பாம்பன்ல அதுங்களுக்கு ஆழம் பத்தாது.

கள்ளும் பீரும் ஒண்ணான்னு யாராவது கேட்டா இல்லன்னு தெளிவா சொல்லுங்க. கள்ளுல சர்க்கரை சாறுலயே ரெடியா இருக்கு. பீர் தானியத்துல செய்யிறது, மாவுச்சத்த மொதல்ல சர்க்கரையா மாத்தணும், அதுக்குத்தான் பார்லிய ஊற வச்சு முளைகட்டுறாங்க, கைக்குழந்தைக்குக் கேப்பைய முளைகட்டிக் கஞ்சி காய்ச்சுனா நீர்த்து இனிப்பாகுதே, அதே வேலை. ஆனா போதை அளவுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம்தான், அப்படி இருந்தும் தமிழ்நாட்டுல கள்ளு இறக்க 1987 ஜனவரி 1ல இருந்து தடை, பீர 2003 கடைசியில இருந்து அரசாங்கமே கடை வச்சு விக்குது. இது பனையேறிக்குச் செஞ்ச அநியாயம்ங்கறது என் கருத்து, இதுல நான் பின்வாங்க மாட்டேன்.

கடைசியா ஒண்ணு. உலகத்தோட பழைய பீர் செய்முறைன்னா நின்காசிங்கற சுமேரியத் தெய்வத்தப் பாடின பாட்டச் சொல்லுவாங்க, கிமு 1800 வாக்குல எழுதினது, அதுவும் சரிதான். தமிழ்ல இருக்கறத யாரும் கேக்க மாட்டாங்க. பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படைய எடுத்துப் பாருங்க, தொண்டை நாட்டு வலைஞர், அதாவது மீனவர் வீட்டுல தீட்டாத அரிசியக் கூழாக் காய்ச்சி, அகலமான தட்டுல ஊத்தி ஆற வச்சு, முளையக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி கழிச்சு, சாடியில விளைய வச்சு, விரலால அலைச்சுப் பிழிஞ்சு சுட்ட மீனோட குடுக்கறாங்க. முளைகட்டின தானியம், நொதிப்பு, வடிப்பு எல்லாம் இருக்கு, அது அரிசி பீர்தான். அழகன்குளத்துல கிடைச்ச ரோமானிய ஜாடி ஓட்டயும் சிலர் இதோட சேப்பாங்க, சேக்காதீங்க, அதுல வந்தது பெரும்பாலும் திராட்சை மது, உங்க ரவுண்டுல வராது.

இந்த வலைஞர் வீட்டுக் கேள்விய ஒரு சீட்டுல எழுதி குவிஸ் நடத்துறவர்கிட்ட முன்னாடியே குடுத்துருங்க. உங்க டீம் அதுக்குப் பதில் சொல்ல முடியாது, ஒரு மார்க் போகும், போகட்டும்.